அக்கா மேல் விழுந்த வெளிச்சம்

இடது கையில் ஃபிளாஷ். வலது கையில் கேமரா. பட்டு வேட்டியைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லாததால் அது தன் பாட்டுக்கு மண்டபத்துத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

தட்டில் இருந்த தாலி சபை முழுக்கச் சுற்றி, பெரியவர்கள் கைபட்டுத் திரும்பி வந்துவிட்டது. ஐயர் நிமிர்ந்து, "பொண்ணுக்க தாய்மாமன் எங்க?" என்று கேட்டார். அது மூன்றாவது முறை.

"இங்கதான் நிக்கேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். போட்டோக்காரரைக் கூப்பிடவில்லை, தாய்மாமனைக் கூப்பிட்டேன் என்று பொறுமையாக விளக்கினார். இரண்டும் நான்தான் என்று நான் அதைவிடப் பொறுமையாக விளக்கினேன். முன்வரிசை நாற்காலிகளில் சிரிப்பு கிளம்பியது. என் மனைவி தங்கம் அந்தப் பக்கம் திரும்பி, யாரோ தெரியாத ஒரு பெண்ணிடம் ஊர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மணப்பெண் சிந்து, என் அக்கா பகவதியின் இரண்டாவது மகள். அவளைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வந்து உட்காரவைத்ததும் நான்தான். அப்போதும் ஃபிளாஷை விடவில்லை. என் உள்ளங்கையில் பாதி அவள் கை, பாதி ஃபிளாஷ். "மாமா, அந்தச் சாதனத்தக் கொஞ்சம் கீழ வைங்க" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கல்யாண வீடியோவில் இன்றைக்கும் தெளிவாகக் கேட்கிறது.

கீழே வைக்க முடியாது. அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

பொண்ணுக்கு அம்மை இல்லியோ?

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தல், சமையல், மேளம் எல்லாம் பெண் வீட்டார் பொறுப்பு. போட்டோக்காரர் மட்டும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. ஆனால் அதன் பலன் என்ன என்று பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். போட்டோக்காரருக்குச் சோறு போடுவது நாம், அவர் படம் எடுப்பது அவர்களை.

ஆல்பத்தைத் திறந்தால் மாப்பிள்ளையின் பெரியப்பா வெற்றிலை போடுவார். மாப்பிள்ளையின் கூட்டுக்காரர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தோளில் கைபோட்டு நிற்பார்கள். மாப்பிள்ளை வந்த கார்கூட நாலு கோணத்தில் இருக்கும். பெண் வீட்டார் என்றால் தட்டு நீட்டும் கை, பாய் சுருட்டும் முதுகு, அவ்வளவுதான்.

அக்காவின் மூத்த மகளின் கல்யாண ஆல்பம் அப்படித்தான் வந்தது. அத்தான் ஆறடி உயரம். அக்கா அவர் தோள்பட்டைக்கும் கீழே. எல்லாப் படத்திலும் அத்தான் நின்றார், அவர் பின்னால் அக்கா இருந்தாள் என்று நாம் நம்பிக்கொள்ள வேண்டும். ஒரு படத்தில் வளையல் போட்ட கை வந்திருந்தது. இன்னொன்றில் சேலைக் கரை. ஒன்றில் முழு உருவமே விழுந்திருந்தது, ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தூக்கிப்போன வாழையிலைக் கட்டு இருந்தது.

அதற்கெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் மகளைப் பார்க்க அவள் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே வந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரி ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டு, "பொண்ணுக்கு அம்மை இல்லியோ?" என்று கேட்டிருக்கிறாள். அடுக்களையில் நின்ற அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது.

அக்கா அன்று இரணியலில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை. "எலே, சிந்துவுக்க கல்யாணத்திலயாவது எனக்க மொகம் வரணும். ஒண்ணு போதும்" என்றாள். நான் முதலில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

பிரதமன் குடித்துத் தூங்கியவர்

அக்காவின் கல்யாணத்துக்கும் படங்கள் பாதிதான். அதற்குக் காரணம் நான் என்று இந்தத் தொடரில் ஒத்துக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அந்தக் காலத்துப் போட்டோக்காரர் தக்கலைப் பக்கத்து ஆள், நல்ல சாப்பாட்டுப் பிரியர். பந்தியில் பாயசம் விளம்பியது நான். இளவட்டம், கையில் வாளி, கேட்பவர்கள் யாரும் இல்லை. அடைப்பிரதமனை அவர் இலையில் ஊற்றினேன். பழத்தையும் பப்படத்தையும் போட்டுப் பிசைந்து அவர் அடித்த வேகத்தைப் பார்த்து எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நாலு தடவை ஊற்றினேன். மனுஷன் கை கழுவிவிட்டு மாப்பிள்ளைக்கு ஒதுக்கிய அறையில் போய்ப் படுத்தார். சாயங்காலம் எல்லாம் முடிந்தபிறகுதான் எழுந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த எதற்கும் படம் கிடையாது. அக்கா புக்ககம் புறப்பட்டதற்கும் இல்லை. நான் வாளியோடு நின்றதை அக்கா பார்த்திருந்தாள் என்பதால் பேச்சு வரும்போதெல்லாம் பிரதமன் என்ற ஒரே சொல்லில் என் வாயை அடைத்துவிடுவாள்.

சோப்பு டப்பா அளவு கேமரா

தங்கத்தின் தம்பி மஸ்கட்டிலிருந்து வந்தபோது ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தான். சோப்பு டப்பா அளவு. சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியாது. அதில் இருந்த ஃபிளாஷ் சுண்டுவிரல் நகம் அளவு. பத்தடிக்குள் நிற்பவர்களுக்கு வெளிச்சம் போகும். அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அவரவர் பாடு.

கல்யாண மேடையில் முன்னிடத்தைப் போட்டோக்காரரும் வீடியோக்காரரும் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு ஓரத்தில்தான் இடம். அங்கிருந்து அக்கா முகத்துக்கு வெளிச்சம் அனுப்ப வேண்டுமென்றால் தனியாக ஒரு ஃபிளாஷ் வேண்டும். இதை நானே கண்டுபிடித்தேன். பத்தாம் வகுப்புக்கு ஒளி பாடம் நடத்துகிறவன் அல்லவா. ஒன்றும் தெரியாதவன் நாலு பேரிடம் கேட்டுச் செய்வான். பாதி தெரிந்தவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நாகர்கோவிலில் பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் ஒரு கடை இருந்தது. அங்கே ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் ஒன்று கிடைத்தது. அரைச் செங்கல் கனம். ஆனால் அதைக் கேமராவின் தலையில் மாட்டலாம் என்றால் சோப்பு டப்பாவின் தலை வழுவழு என்று இருந்தது. மாட்ட இடமே இல்லை.

கடைக்காரர் அசரவில்லை. ஃபிளாஷின் அடியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கண்ணைப் பொருத்தினார். பக்கத்தில் வேறு ஃபிளாஷ் வெட்டினால் இந்தக் கண் அதைப் பார்க்கும், பார்த்த கணமே பெரிய ஃபிளாஷையும் வெட்ட வைக்கும். கம்பி வேண்டாம், மாட்ட வேண்டாம், கையில் பிடித்தால் போதும். கேமராவின் குட்டி ஃபிளாஷ் முகத்தில் அடித்து வெளுக்காமல் இருக்க, அதன் மேல் கறுத்த நெகட்டிவ் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளவும் சொன்னார். நெகட்டிவ் வழியாக நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போகும், அது இந்தக் கண்ணுக்குப் போதும் என்றார்.

வீட்டில் சோதித்தேன். தங்கம் கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். அமுக்கினேன். பெரிய ஃபிளாஷ் பளீரென்று வெட்டியது. படமும் பிரமாதம். நெகட்டிவ் துண்டை அன்றைக்கு ஒட்டவில்லை, கல்யாணத்தன்று காலையில்தான் ஒட்டினேன் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று, எடுத்த படத்தைத் திரையில் காட்டும் வசதியையும் நிறுத்திவைத்தேன். சிக்கனம் என்று அப்போது நினைத்தேன்.

எடுத்தியா?

மாப்பிள்ளை வீட்டார் கருங்கல் ஊர்க்காரர்கள். போட்டோக்காரர் விஜயனும் அந்த ஊர்தான். பத்துப் பை வைத்த மேல்சட்டை, முழங்கை நீளத்துக்கு லென்ஸ். என் சோப்பு டப்பாவையும் அரைச் செங்கலையும் பார்த்துவிட்டு, மரியாதைக்காரர் என்பதால், சிரிப்பைத் தும்மலாக மாற்றிக்கொண்டார்.

அக்காவுக்கு முந்தைய நாளே பயிற்சி கொடுத்திருந்தேன். அத்தானுக்குப் பின்னால் நிற்கக் கூடாது, இடது பக்கம் ஓரடி தள்ளி நிற்க வேண்டும். அவள் அங்கேயே நின்றாள். நான் மேடையின் எதிர் ஓரத்தில் நின்று ஃபிளாஷைத் தலைக்கு மேல் தூக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் அவள் என் பக்கம் திரும்பி, புருவத்தை உயர்த்தி, உதட்டை மட்டும் அசைப்பாள். "எடுத்தியா?" நான் தலையாட்டுவேன்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. நான் அமுக்காதபோதும் ஃபிளாஷ் வெட்டியது. மூக்கைச் சொறியக் கேமராவை இறக்கினால் வெட்டும். ஐயரிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வெட்டும். வெட்டிவிட்டு மறுபடி நிறையும்போது கொசுபோல் ரீங்காரமிடும். பழைய சரக்கு, கல்யாணத்தைப் பார்த்து உற்சாகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விஜயன் தன் கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தார். லென்ஸைத் துடைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கேமராவில் எதையோ திருகினார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. என் தொழில் சுத்தத்தைப் பார்த்து மதிக்கிறார் என்று எண்ணி, நானும் ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்குச் செய்வதுபோல் தலையை லேசாக அசைத்தேன்.

முகூர்த்தம் வந்தது. மேளம் உச்சத்துக்கு ஏறியது, பெண்கள் குரவையிட்டார்கள். தோவாளைப் பிச்சிப்பூ மணமும் ஃபிளாஷ் சூட்டில் கருகிய தூசி மணமும் சேர்ந்து மூக்கில் ஏறின. அட்சதை போட எனக்குக் கை இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் என் பங்கை என் சட்டைப் பையில் போட்டார். மாப்பிள்ளை குனிந்தார். நான் அமுக்கினேன். ஃபிளாஷ் வெட்டியது. அந்த மேடையில் அதுவரை விழாத வெளிச்சம் அக்கா முகத்தில் விழுந்தது.

"எடுத்தியா?"

எடுத்தாச்சு என்று தலையாட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கரண்டு போனப்ப எடுத்ததா?

தக்கலையில் படம் போடும் கடையில் ஒரு பெண், கேமராவிலிருந்த கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். ஒன்றைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், விறுவிறுவென்று கடைசிவரை தள்ளினாள். பிறகு மிகவும் பணிவாக, "சாரே, இது கரண்டு போனப்ப எடுத்ததா?" என்று கேட்டாள்.

எல்லாம் இருட்டு. அங்கங்கே குத்துவிளக்குத் திரி, ஓர் ஓரத்தில் வீடியோ விளக்கின் மஞ்சள் பூச்சு. தாலி கட்டிய படத்தில் மாப்பிள்ளையின் முட்டி மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது. அது குத்துவிளக்கின் கீழ்ப்பாகம் என்று அந்தப் பெண் அபிப்பிராயப்பட்டாள்.

நாகர்கோவில் கடைக்காரரைப் போனில் பிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. இந்தக் குட்டிக் கேமராக்கள் ஃபிளாஷை இரண்டு தடவை வெட்டும். முதல் வெட்டு வெளிச்சத்தை அளந்து பார்க்க. இரண்டாவது வெட்டுதான் படத்துக்கு. இரண்டும் ஒட்டி ஒட்டி வருவதால் நமக்கு ஒன்றாகத் தெரியும். அரைச் செங்கலின் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முதல் வெட்டிலேயே தன் வெளிச்சத்தையெல்லாம் கொட்டிவிடும். படம் பதியும்போது அது காலி. குட்டி ஃபிளாஷின் வெளிச்சத்தையோ நானே நெகட்டிவ் ஒட்டி மூடிவிட்டேன். அன்றைக்குத் தங்கம் துணி விரித்த படம் நன்றாக வந்தது அந்தச் சுண்டுவிரல் நகத்தின் புண்ணியத்தில்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. கார்டு கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்றேன். அடுத்த நாள் கடைக்காரப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றேன். பிறகு கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றேன். அக்கா பேர் போனில் தெரிந்தாலே தங்கத்திடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். தங்கம் எடுத்து, "அவிய குளிக்காவ" என்பாள். ஒரு வாரத்தில் நான் குளித்த குளியலுக்கு என் நிறமே மாறியிருக்க வேண்டும்.

விஜயன் வந்தார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விஜயன் பைக்கில் வந்து இறங்கினார். கையில் பெரிய ஆல்பம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பட்டது. ஆனால் அவர் உட்கார்ந்ததும் கேட்டது அந்த ஃபிளாஷைத்தான். கொண்டுவந்து கொடுத்தேன். திருப்பிப் பார்த்து, அடியில் இருந்த கண்ணைத் தொட்டு, நினைத்தது சரி என்பதுபோல் தலையாட்டினார்.

"நம்மளது பழைய மாடல் சாரே. ஒரே வெட்டுதான். நான் அமுக்கும்போதெல்லாம் ஒங்க ஃபிளாஷும் கூடவே வெட்டிச்சு" என்றார்.

முதல் நாலு படம் வெளுத்துப்போயிருக்கிறது. எங்கிருந்து வருகிறது இந்த வெளிச்சம் என்று தேடியபோது தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். அவர் சொல்லவில்லை. தன் கேமராவில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, என் ஃபிளாஷை இலவச உதவியாளாக வைத்துக்கொண்டு, கல்யாணம் முழுவதும் எடுத்துத் தள்ளியிருக்கிறார். நான் ஒரு கலைஞனுக்குத் தலையசைத்த நேரத்தில் நடந்தது இதுதான்.

ஆல்பத்தைத் திறந்தேன். படத்துக்குப் படம் அக்கா. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்து முகம் துலங்கி நின்றாள். மாப்பிள்ளை சுமாராகத் தெரிந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா சாயங்காலம் போன்ற ஓர் இருட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா நாலு படத்தில் இருந்தார், நாலிலும் அவர் சேலைதான் முதலில் தெரிந்தது.

அந்த அம்மாள் விஜயனைக் கூப்பிட்டு, பெண்ணோட அம்மைக்கா கல்யாணம் என்று கேட்டிருக்கிறார். அதற்கு என்ன சொன்னீர்கள் என்றேன்.

"வெளிச்சம் எங்க கெடக்கோ அங்கதான எடுக்க முடியும் சாரே."

அந்த அம்மாளின் முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கி வேறு படம் போட்டுக் கொடுத்துவிட்டாராம். தேங்காய்ப் பூ நிறத்தில் வந்ததில் அவருக்குப் பரம திருப்தி. இந்த ஆல்பம் பெண் வீட்டுக்கு என்று விஜயன் தானாகவே போட்ட இன்னொன்று. என் வெளிச்சத்தைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டது உறுத்தியிருக்க வேண்டும். இருவருமாக அவர் பைக்கிலேயே அக்கா வீட்டுக்குப் போனோம்.

அக்கா பார்த்தது

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டினாள். சில பக்கங்கள் தள்ளினாள். பிறகு, "எனக்க மூக்குத்திகூட தெரியுதே" என்றாள். அத்தான் எட்டிப் பார்த்து, என்னை எங்கே காணோம் என்று கேட்டார். அக்கா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

நடுவில் அக்கா நிமிர்ந்து, இதில் நான் எடுத்தது எது என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றேன். இரண்டு வெட்டு, ஒரு வெட்டு, நெகட்டிவ் துண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். என் மாணவர்கள் ஒளி பாடத்தைக் கேட்கிற அதே முகத்தோடு கேட்டாள். "அப்போ ஒனக்கு ஒண்ணுமே வரல்ல?" என்றாள். குத்துவிளக்கு மட்டும் வந்தது என்றேன். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தாள். பிரதமன் என்றாள். விஜயன் ஒன்றும் புரியாமல் கூடச் சிரித்தார்.

பக்கத்தைத் திருப்பியவள் தாலி கட்டும் படத்தில் நின்றுவிட்டாள். சிரிப்பும் நின்றுவிட்டது.

அந்தப் படத்தில் எல்லோரும் சிந்துவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார். சிந்து தலை குனிந்திருக்கிறாள், கண் நிறைந்திருக்கிறது. அட்சதை காற்றில் நிற்கிறது. அக்கா மட்டும் முகத்தை முழுக்கத் திருப்பி, புருவத்தை உயர்த்தி, படத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மக்கா, தாலி கெட்டுனத நான் பாக்கவே இல்ல. ஒன்னயல்லவா பாத்துட்டு நின்னேன்."

விரலைச் சிந்துவின் முகத்துக்குக் கீழே வைத்து, மகள் அழுததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். நானும்தான் பார்க்கவில்லை. தாய்மாமன் என்று மேடையில் நின்றேனே தவிர, அந்த நேரத்தில் நான் பார்த்தது ஃபிளாஷ் வெட்டியதா இல்லையா என்பதை மட்டும்தான்.

விஜயன் சங்கடப்பட்டார். வரவேற்பில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, அதில் அக்கா நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள், அதைப் பெரிதாகப் போட்டுத் தருகிறேன் என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். நல்ல படம்தான். அக்கா அதைப் பார்த்தாள். பிறகு ஆல்பத்தைப் பழைய பக்கத்துக்கே திருப்பி, இதைப் போட்டுத் தா என்றாள்.

இரணியலில் அக்கா வீட்டு முன்னறையில் டிவிக்கு மேலே அந்தப் படம்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். போன மாதம் நான் அங்கே இருந்தபோது சிந்துவின் மாமியாரே கேட்டார். மகளுக்குத் தாலி கட்டும்போது பெற்றவள் பார்வை எங்கே போயிற்று என்று.

"அங்க எனக்க தம்பி நின்னான்" என்று சொல்லிவிட்டு அக்கா காப்பி போட உள்ளே போனாள்.